கட்டாத பொட்டலம்

ரிங்லெட் டவுனில் நான் சாமான் வாங்கும் சீனர் கடையில் எனக்கென்று தனியாக ஒரு சட்டம் உண்டு. மிளகாயோ மல்லியோ கருவாடோ, எதையும் பேப்பரில் சுருட்டிக் கயிறு போட்டுத் தரக் கூடாது. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பையில் போட வேண்டும். வாயைக் கட்டவும் கூடாது. கடைக்கார டவுக்கே முதல் நாள் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டார். அவர் கட்டிக் கொடுத்த மிளகாய்ப் பொட்டலத்தை அவர் எதிரிலேயே நான் அவிழ்த்ததும், "நேனே, கூராங்கா?" என்றார். பாட்டி, அளவு குறையுதா என்று கேட்கிறார். "அதெல்லாம் இல்ல டவுக்கே, போலீஸ்" என்றேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவசரமாக இன்னும் ஒரு பிடி மிளகாய் அள்ளிப் போட்டார். அன்றிலிருந்து என் பையில் எப்போதும் ஒரு பிடி அதிகம். நானும் அவரைத் திருத்தவில்லை. இந்த நாட்டுச் சட்டத்தால் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே ஆதாயம் அந்த ஒரு பிடி மிளகாய்தான்.

இதை ஊரில் இருக்கிறவர்களுக்காகவும், என்னைப்போலக் கப்பலேறி வந்தவர்களுக்காகவும் எழுதுகிறேன். நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். எழுத்துப் பிழைகளைப் பேத்தி திருத்திவிட்டாள். கிண்டலை அப்படியே விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். அதையும் திருத்தினால் மிச்சம் அழுகை மட்டும்தான் இருக்கும்.

எனக்குப் பிறந்த ஊர் முசிறிப் பக்கம். பதினாறு வயதில் என்னை இங்கே கட்டிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் காத்தமுத்து மூன்று வயதிலேயே அப்பா தோளில் உட்கார்ந்து மலேயா வந்தவர். ஊர் என்றால் அவருக்கு ஒரு கப்பலும் வாந்தியும் மட்டும்தான் ஞாபகம். நான் வெயிலில் பழுத்து வந்தவள். இந்தக் கேமரன் மலைக் குளிரில் முதல் வருஷம் முழுவதும் பல் தந்தியடித்தது. தேயிலைக் காட்டுக்கு மேலே மேகம் கீழிறங்கி வந்து நிரை நிரையாக நடக்கும். "மேகத்துக்கும் பேர் போடுறாங்களா, அதுக்கும் சம்பளம் உண்டா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அது மேகம் இல்லை, வேலை நேரத்தில் வரும் ஈரம். கேட்டால் சொல்வார்: "நான் இந்தத் தேயிலைச் செடிக்கு அண்ணன், புள்ள. இதுங்களுக்கு முன்னாடி வந்தவன்."

அந்த அண்ணன்தான் ஐசி, அதாவது அடையாள அட்டை, விஷயத்தில் கோட்டை விட்டார். சுதந்திரம் வந்த பிறகு குடியுரிமைக்கு மனுப் போடச் சொன்னார்கள். மலாய் பேசத் தெரிகிறதா என்று ஒரு அதிகாரி கேட்டுப் பார்ப்பார். என் மலாய் அப்போது நொண்டிக் கழுதை. அவர் கேட்ட கேள்வி புரியாமல், அவர் மேசையில் இருந்த காப்பி ஆறிப்போவதைக் காட்டி, "துவான், கோப்பி சுடா செஜுக்" என்றேன். மனிதர் சிரித்து முத்திரை குத்திவிட்டார். எனக்கு நீல ஐசி. மலாயைத் தாய்ப்பாலோடு குடித்தவர் மாதிரி பேசுகிற என் வீட்டுக்காரர் மனுவே போடவில்லை. "எனக்கெதுக்குக் காயிதம்? என்னைத் தெரியாதவன் இந்த மலையில எவன் இருக்கான்?" என்றார். அவருக்குச் சிவப்பு ஐசி. இந்த நாட்டில் இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரர் இல்லை என்று சொல்கிற சிவப்பு. நிறத்தில் என்ன இருக்கிறது என்று நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

எங்கள் தோட்டத்து முனியாண்டி, எங்கள் வீடுகளிலிருந்து தள்ளிப் பெரிய டிவிசனில் ரோட்டை ஒட்டி ஒரு பாறைக்கு அடியில் இருக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை படையல். முட்டை, சுருட்டு, ஒரு போத்தல் சம்சுச் சாராயம், கொஞ்சம் கஞ்சா. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். மனிதன் குடிப்பதற்கில்லை, முனிக்கு முன்னால் வைத்து, பூசை முடிந்ததும் நெருப்பில் போட்டுவிடுவார்கள். எங்கள் ஊரிலும் முனிக்கு அதுதான். என் சின்ன வயதில் அங்கே டவுனில் அதற்கு லைசென்ஸ் கடையே இருந்தது. சர்க்கார் பலகை மாட்டி, ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்து, தங்கம் நிறுக்கிற மாதிரி நிறுத்துக் கொடுப்பார். மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போய் வாங்குவார். வரும்போது எனக்குப் பொரிகடலை. எனக்கு இரண்டும் கடைச் சரக்குத்தான்.

படையல் மூட்டைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. முறை வருகிற வீட்டுப் பெண் விரதமிருந்து அதைக் கட்ட வேண்டும். ஆண்பிள்ளை சுமந்து போக வேண்டும். கட்டினவள் சுமக்கக் கூடாது. சுமக்கிறவர் அவிழ்க்கக் கூடாது, உள்ளே என்ன என்று கேட்கக் கூடாது, முனியின் காலடிக்குப் போகும்வரை தரையில் வைக்கவும் கூடாது. கஞ்சாவை மட்டும் பழைய பூசாரியே எங்கிருந்தோ கொண்டுவந்து விடுவார். நான் சொல்ல வந்த வருஷம் மழைக்காலத்தில் அவர் செத்துப்போனார். முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. முனிக்குக் குறை வைக்கக் கூடாது என்று தாப்பாவில் தெரிந்த ஒரு வெற்றிலைக்காரியிடம் சொல்லி வாங்கினேன். கோழி முட்டை அளவுதான் இருக்கும். வாழை இலையில் மடித்து, மஞ்சள் நூல் சுற்றி, மூட்டையின் நடுவில் வைத்துக் கட்டினேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பதுதானே வழக்கம்.

படையல் நாள் காலையில் எல்லோரும் தோட்டத்து லோரியில் ஏறினோம். ரிங்லெட்டுக்குக் கொஞ்சம் முன்னால் போலீஸ் வண்டியை மறித்தது. வேறு யாரையோ தேடினார்கள் என்று பிறகு சொன்னார்கள். எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். ஒரு மலாய்க்காரப் போலீஸ், மீசை அரும்பின பையன், மரியாதையாகத்தான் சொன்னான்: "பாக்சிக், லெத்தாக் பாவா." பெரியவரே, கீழே வையுங்கள்.

என் வீட்டுக்காரர் வைக்கவில்லை. மூட்டையை இன்னும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சாமி சாமான், தரையில் வைக்கக் கூடாது, திறக்கவும் கூடாது என்று நல்ல மலாயில் விளக்கினார். அவர் விளக்க விளக்க அந்தப் பையனின் கண் மாறியது. ஒருவன் ஒரு மூட்டையைக் கீழே வைக்க மாட்டேன் என்றால் போலீஸ்காரனுக்கு அது வேறு பாஷை. இன்னொருவன் வந்து மூட்டையைப் பிடுங்கினான். லோரியின் பின்பலகையில் வைத்து அவிழ்த்தான். முட்டை, சுருட்டு, போத்தல், இலைப் பொட்டலம். மஞ்சள் நூலை அறுத்து முகர்ந்து பார்த்தான்.

"இனி சியாப்பா பூன்யா?" இது யாருடையது?

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். ஆனால் வந்தது வேறு. "ஐயா, அது முனியோடது. பிடிக்கணும்னா அவரப் பிடிச்சிட்டுப் போங்க, லோரியில எடம் இருக்கு" என்றேன். கூட்டம் சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். போலீஸ்காரன் சிரித்த அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரிந்துதான் வைத்திருக்கிறார்" என்று புத்தகத்தில் எழுதிக்கொண்டான். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் பொட்டலத்தில் என்ன என்பது தெரிந்தது என்று எனக்குத் தெரியும். நான் மறுபடியும் வாயெடுப்பதற்குள், "சாயா பூன்யா" என்றார். என்னுடையது.

ஜாமீனில் வந்தார். யூனியன் ஆபீசில் வேலை செய்யும் ராஜு தம்பி வீட்டுக்கே வந்து பொறுமையாக விளக்கினான். இந்தச் சரக்கு ஒரு அளவுக்கு மேல் போனால் விற்கிறவன் என்று எடுத்துக்கொள்வார்களாம். அது கழுத்துக்குப் போகிற வழக்கு. அளவுக்குக் கீழே என்றால் வைத்திருந்த குற்றம், ஜெயில்.

"நம்ம சரக்கு சின்னது, கழுத்து தப்பிச்சது. ஆனா கவனமா கேளுங்கக்கா. கையில இருந்துச்சுன்னா, உள்ள என்னன்னு தெரிஞ்சுதான் வச்சிருந்தார்னு சட்டம் எடுத்துக்கும். தெரியாதுன்னு நாமதான் காட்டணும்."

"தெரியாதுதானேப்பா அவருக்கு."

"அப்ப கோர்ட்ல குத்தம் பண்ணலன்னு சொல்லணும். மூட்டைய யார் கட்டுனா, வழக்கம் என்ன, எல்லாத்தையும் வக்கீல் வச்சுச் சொல்லலாம்."

"யார் கட்டுனான்னு கேட்டா?"

என் வீட்டுக்காரர் சட்டென்று, "இவளுக்கு முடிச்சுப் போடவே வராதுப்பா. என் வேட்டிகூட நடுவழியில அவுந்துக்கும்" என்றார். அவர் ஜோக் அடித்தால் நான் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒன்றுதான் அடிப்பார்.

கடைசியில் தீர்மானித்தது நான்தான். அதை மறைக்க மாட்டேன். தோட்டத்தில் முப்பது வருஷம் இருந்தவளுக்கு, தப்பு என்று வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாதா? ஒருமுறை இவர் விறகுக்காகத் தொரை வளர்த்த மரத்தையே வெட்டிவிட்டார். கணக்கு எழுதுகிற கிராணியிடம் போய், நான் வெட்டவில்லை என்று சாதித்திருந்தால் வேலை போயிருக்கும். நான்தான் பங்களாவுக்கு அனுப்பினேன். "தப்புதான் தொரெ" என்று இவர் தலையைக் குனிந்தார். தொரை அரை மணி நேரம் திட்டினார். மலாயில், இங்கிலீஷில், தெரிந்த நாலு தமிழ்க் கெட்ட வார்த்தையில். திட்டி முடித்ததும், போ என்றார். தீர்ந்தது. எங்கள் ஆட்களுக்கு எல்லாம் அப்படித்தான் நடந்திருக்கிறது. எதிர்த்துப் பேசினால்தான் கோபம் வரும். ஒத்துக்கொண்டால் திட்டு, திட்டினால் மன்னிப்பு.

"பெரிய மனுசன் முன்னாடி வழக்காடாதீங்க. தப்புதான் ஐயான்னு கும்பிட்டுடுங்க. நாலு வார்த்தை திட்டுவார், வாங்கிக்கிட்டு வாங்க" என்றேன்.

"ராஜு அப்படிச் சொல்லலியே புள்ள."

"ராஜு பொறந்தப்ப நான் நாலு தொரைய பார்த்தாச்சு."

தானா ராத்தா கோர்ட்டில் மாஜிஸ்திரேட் சின்ன வயதுக்காரர். கண்ணாடி போட்டு, அமைதியாக, டாக்டர் மாதிரி இருந்தார். மொழிபெயர்க்க ஒரு தமிழர் நின்றார். குற்றப் பத்திரிகையைப் படித்து, ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். இவர் கையெடுத்துக் கும்பிட்டு, "தப்புதாங்க ஐயா" என்றார். மாஜிஸ்திரேட் ஏதோ சொன்னார். அந்தத் தமிழர் திரும்பி, "ஒத்துக்கிட்டா என்ன தண்டனை வரும்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களான்னு கேக்குறார்" என்றார். தெரியாது என்று பெரிய மனிதரிடம் சொல்வது மரியாதை இல்லையே. "தெரியுங்க" என்றார் இவர். பெஞ்சில் ராஜு தலையில் கை வைத்துக்கொண்டான்.

நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். மேசையைத் தட்டுவார், குரலை உயர்த்துவார், இந்த வயதில் வெட்கமாக இல்லையா என்று கேட்பார் என்று நம்பிக்கையோடு காத்திருந்தேன். அவர் திட்டவே இல்லை. பேனாவை எடுத்து எழுதினார். மெதுவாக, மரியாதையாக ஏதோ படித்தார். திட்டாதபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பதினெட்டு மாதம்.

"எப்பக்கா திட்டுவாரு?" என்று பின்னால் உட்கார்ந்திருந்த பக்கத்து லயத்து வரிசை வீட்டுக்காரி என் காதில் கேட்டாள். அவளும் அதற்குத்தான் காத்திருந்தாள்.

பதினெட்டு மாதமும் நான் கொழுந்து கிள்ளினேன். நிறுக்கக் கொண்டுபோகும்போது, கிராணி மொத்த எடையில் கூடைக்கு இவ்வளவு, மழைநீருக்கு இவ்வளவு என்று கழிப்பார். முன்பெல்லாம் அதற்கு அவரோடு சண்டை போடுவேன். இப்போது தராசைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இலையை நிறுக்கிற இடத்தில்கூடக் கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு. என் வீட்டுக்காரரை எடை போட்டவர்கள் எதையும் கழிக்கவில்லை. முனியைக் கழிக்கவில்லை, வழக்கத்தைக் கழிக்கவில்லை, என்னைக் கழிக்கவில்லை. முட்டை அளவு இலை, அது யார் கையில், அவ்வளவுதான் தராசு.

பார்க்கப் போகும்போது கம்பிவலைக்கு அந்தப் பக்கம் இளைத்து உட்கார்ந்திருப்பார். "சோறு எப்படி?" என்பேன். "ஒன்னுதவிட நல்லாருக்கு" என்பார். சந்தோஷமாகத் திட்டிவிட்டு வருவேன். ஒருமுறை, "நான் போய் மூட்டைய கட்டுனது நான்னு சொல்லிடுறேன்" என்றேன். "சொல்லு. ரெண்டு பேரும் உள்ள இருந்தா செல்விக்குப் பிரசவம் யாரு பாக்குறது, முனியா?" என்றார். எங்கள் மூத்த மகள் அப்போது மாசமாக இருந்தாள். நான் சொல்லவில்லை. மகளுக்காகச் சொல்லாமல் விட்டேனா, பயத்தில் விட்டேனா என்று இன்றைக்கும் என்னையே கேட்டுப் பார்க்கிறேன். இரண்டுக்கும் நடுவில் நூல்கூட நுழையாது.

அவர் விடுதலையாகிற மாதத்தில் ஒரு காயிதம் வந்தது. செல்வி படித்தாள். பாதியில் நிறுத்தினாள். சிவப்பு ஐசிக்காரர், வெளிநாட்டார், போதைப் பொருள் குற்றத்தில் தண்டனை பெற்றவர். ஆகையால் இந்த நாட்டை விட்டு அனுப்பப்படுவார். திரும்பி வரக் கூடாது. ராஜு ஓடினான், மனுப் போட்டான், குற்றத்தை ஒத்துக்கொண்டவர் என்ற ஒரே வரியை எல்லா மேசையிலும் காட்டினார்களாம். அந்த வரி நான் சொல்லிக் கொடுத்தது.

துறைமுகத்தில் பத்து நிமிஷம் பேச விட்டார்கள். ஐம்பது வருஷம் இந்த மலையில் இருந்தவர், கையில் ஒரு துணிப்பையோடு நின்றார். அழுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இதுதான்:

"ஏ புள்ள, ஒன் ஊருக்கு எப்படிப் போவணும்?"

என் ஊர். அவருக்கு ஊர் என்று ஒன்று இல்லை. போய் நிற்க என் தம்பி வீடு மட்டும்தான் இருந்தது. நான் வழி சொன்னேன். முசிறியில் பஸ் இறங்கி, ஆற்றுப் பக்கம் நடக்காமல் இடது கைப்பக்கம் திரும்பணும். ஒரு பெரிய கிணறு வரும், அதில் தண்ணீர் குடிக்காதீங்க, உப்பு. அதைத் தாண்டினால் மூன்றாவது வீடு. நாய் இருந்தால் பயப்படாதீங்க என்றேன். சொன்ன பிறகுதான், நான் பார்த்த அந்த நாய் செத்து முப்பது வருஷம் ஆகியிருக்கும் என்று தோன்றியது. அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. "எடது கை. கெணறு. மூணாவது." போலீஸ்காரர் அவர் தோளைத் தொட்டார். பையைக் கீழே வைக்காமலே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இப்போது சட்டம் இன்னும் இறுகிவிட்டது. போஸ்டாபீஸ் சுவரில் தூக்குக்கயிறு படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவளுக்கும் புரிகிற ஒரே நோட்டீஸ் அதுதான். போதையால் கெட்டுப்போன பிள்ளைகளை நானும் லயத்தில் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பெற்றவளின் வயிற்றெரிச்சலும் தெரியும். சட்டம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வீட்டுக்காரரை அது எந்த வரிசையில் நிறுத்தியது என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. எங்கள் முனிக்கு இப்போது சுருட்டு மட்டும். மூட்டையும் இல்லை. தட்டில் விரித்து வைத்து, ஊரே பார்க்கத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

மாதத்துக்கு ஒரு கடுதாசி வருகிறது. என் ஊரைப் பற்றி அவர் எனக்கு எழுதுகிறார். கிணறு தூர்ந்துவிட்டதாம். வெயில் தாங்கவில்லையாம். அவர் பேச்சில் வரும் மலாய் வார்த்தைகளைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். தெருவில் அவர் பெயர் "மலேயாக்காரன்". அங்கேயும் இப்போது கஞ்சாவுக்குப் புதுச் சட்டம் வந்துவிட்டதாம், அந்த ஊர் முனிக்கும் சுருட்டு மட்டும்தானாம். "நான் வந்த எடமெல்லாம் சட்டமும் பின்னாடியே வருது, புள்ள" என்று எழுதியிருந்தார். அந்த வருஷத்து ஜோக் அது. நான் ஏன் அங்கே போகவில்லை என்று கேட்பீர்கள். வேலையை விட்டால் லயத்து வீடு போகும். இளைய மகளுக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. செல்வியின் பிள்ளைகள் என் முதுகில்தான் வளர்கின்றன. அவர் வளர்ந்த வீட்டில் நான் இருக்கிறேன். நான் பிறந்த வீட்டில் அவர் இருக்கிறார்.

போன வாரக் கடுதாசியில், "ஒரு பிடி நம்ம தேயிலை அனுப்பு. இங்க கெடைக்கிறது டீயில்ல, கலர் தண்ணி" என்று கேட்டிருந்தார். நல்ல தூளாகப் பார்த்து, எனக்குப் பழக்கமான பிளாஸ்டிக் பையில் போட்டு, ரிங்லெட் போஸ்டாபீசுக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் பையைப் பார்த்துவிட்டு, "மாச்சிக், இப்படி எடுக்க முடியாது. புங்குஸ் செய்யணும், பேப்பர்ல சுத்தி நல்லா இறுக்கிக் கட்டணும்" என்றாள். பேப்பரும் நூலும் அவளே கொடுத்தாள். நல்ல பிள்ளை.

பேப்பரில் வைத்து மடித்தேன். நூலைச் சுற்றினேன். முடிச்சுக்கு விரலை வைத்தேன். விரல் நின்றுவிட்டது. மேலே சுவரில் அந்தக் கயிறு. பொட்டலத்துக்குப் பக்கத்தில் பேத்தி எழுதிக் கொடுத்த விலாசச் சீட்டு: அவர் பெயர், என் ஊர். இதை ஒருவர் சுமந்து போவார், இன்னொருவர் பிரிப்பார், யாருடையது என்று என் வீட்டுக்காரரைத்தான் கேட்பார்கள்.

"கெனாப்பா மாச்சிக்? தெ சாஜாகான்?" என்றாள் அந்தப் பெண். என்ன ஆச்சு, வெறும் தேயிலைதானே?

"தெ சாஜா" என்றேன். வெறும் தேயிலைதான்.

கட்டாமல் அவள் எடுக்க மாட்டாள். கட்ட என் கையால் முடியவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். நூலை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். மடியில் திறந்த பொட்டலம். தோட்டத்துக்கு ஏறுகிற ரோட்டில் வளைவுக்கு வளைவு பஸ் சாய்ந்தது. சாயும்போதெல்லாம் அவருக்கென்று எடுத்த தூள் கொஞ்சம் கொஞ்சமாக என் புடவையில் சிந்திக்கொண்டே வந்தது.